உறை பிரிக்காத அறை

யோகம் உடைத்தாளாம்! யார் கண்டது? கண்ணால் கண்டவர் ஒருத்தர் முன்னால் வந்து சொல்லட்டும், அப்புறம் பேசுவோம். கேண்டீன் செல்லம் சொன்னாள் என்று மட்டும் சொல்லாதீர்கள். திறப்பு விழா நடந்தபோது செல்லம் கேண்டீனில் நூற்றைம்பது பேருக்கு மீகூன் பிரட்டிக்கொண்டிருந்தாள். அந்த அறைக்கும் அவளுக்கும் நடுவே ஒரு திடலே கிடந்தது. அங்கிருந்தபடியே அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டதாம்.

"எந்நேரமும் உள்ள பூந்துக்கிட்டு அந்தப் பெரிய போர்டைத் தொட்டுத் தொட்டு நாசமாக்கிட்டா. கேட்டதுக்கு மாத்தி மாத்திப் பொய் சொன்னா. கடைசில சாவிய வீசிட்டுப் போயிட்டா." இதுதான் செல்லம் பாடுகிற பாட்டு. கேட்கிற ஆள் வாய் பிளந்து நின்றால் இன்னொரு வரியும் சேர்த்துக்கொள்வாள்: "புள்ள இல்லாதவ வேற என்ன செய்வா, ஊரான் புள்ளைய வச்சு விளையாடுனா."

ஊர் வாயை மூட உலைமூடி கிடையாதுதான். அதற்காகச் சும்மா இருந்துவிட முடியுமா? உள்ளே போனாள், அது உண்மை. பொய் சொன்னாள், அதுவும் உண்மை. பள்ளியில் பெரியவர்கள் முன்னால் சொன்னது ஒரே ஒரு பொய். போர்டை அவள் தொடவே இல்லை. சாவியையும் வீசவில்லை. மேசைமேல் வைத்தாள், வைத்த சத்தம்கூட எழவில்லை. முதலிலிருந்து சொன்னால்தான் எது எப்படிக் கெட்டது என்று விளங்கும்.

ஜொகூரில் பண்டார் தெங்காராவுக்கு வெளியே, எண்ணெய் எடுக்கும் செம்பனைக்கு நடுவில் கிடந்த தோட்டத்தில் பிறந்தவள் யோகம். அப்பா குலை வெட்டினார், அம்மா கீழே உதிர்ந்த பழம் பொறுக்கினார். பள்ளிக்கூடத்தில் எழுத்து அவளிடம் தங்கவில்லை. கரும்பலகையைப் பார்த்து அப்படியே வரைந்துவிடுவாள். பார்வையை எடுத்தால் எழுத்தும் போய்விடும். தட்டுத்தடுமாறி ஆறாம் வகுப்பு வரை வந்தாள், அதோடு சரி.

பதினெட்டு வயதில் தெப்ராவில் ஓர் எலக்ட்ரானிக் ஃபேக்டரியில் சேர்ந்தாள். அங்கே அவள் கைக்கு ஒரு மரியாதை கிடைத்தது. சர்க்யூட் தகட்டில் ஒரு கம்பி மயிரிழை விலகி இருந்தாலும் விரல் நுனியால் தடவியே கண்டுபிடித்துவிடுவாள். பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கும் பெண்கள் தவறவிட்டதை, பக்கத்துப் பெண்ணோடு நேற்றைய சீரியல் கதை பேசிக்கொண்டே எடுத்துத் தனியாகப் போடுவாள். ஆறாவது வருஷம் அவளை லைன் லீடர் ஆக்குகிறோம் என்றார்கள். தினமும் ஒரு பக்கம் ரிப்போர்ட் எழுத வேண்டும் என்று தெரிந்ததும், "வேணாம் மேடம், எனக்கு இடுப்பு வலி" என்று சொல்லிவிட்டாள். எழுத வராது என்று சொல்ல வெட்கம். இடுப்பு வலிக்காரி என்ற பெயரோடு இன்னும் பத்து வருஷம் ஓட்டி, அங்கே பதினாறு வருஷத்தை முடித்தாள். ஃபேக்டரியை மூடியதும், செம்பனை லாரி ஓட்டும் கணவன் அய்யாவுவோடு ஊருக்கே திரும்பி வந்தாள்.

அப்போதுதான் ஊர்த் தமிழ்ப்பள்ளியில் பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஓர் உதவியாளைத் தேடியது. சின்னப் பிள்ளைகளுக்குச் சப்பாத்து வார் கட்ட, கழிவறைக்கு அழைத்துப் போக, வாந்தி எடுத்தால் துடைக்க. அரசாங்க வேலை கிடையாது. சங்கம் வைத்த ஆள், சங்கம் நினைத்தால் போகச் சொல்லலாம். நாலாம் வகுப்பில் வாசிக்கத் தெரியாத மூன்று பிள்ளைகள் பின்வரிசையில் இருந்தார்கள். அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து சத்தம் போடாமல் பார்த்துக்கொள்வதும் அவள் வேலை. "நீங்க சொல்லிக் குடுக்க வேணாம் யோகம். அமைதியா வச்சிருந்தா போதும்" என்று தலைமையாசிரியர் சோமசேகரம் முதல் நாளே சொல்லிவிட்டார். கெட்ட மனிதர் என்று அவரைச் சொல்லிவிட முடியாது. தாத்தா ரயில்வேயில் கிராணி என்ற குமாஸ்தா, அப்பா நீதிமன்றக் கிராணி. மூன்று தலைமுறையாகக் காகிதத்தை ஒழுங்காக அடுக்கிச் சாப்பிட்ட யாழ்ப்பாணத்துக் குடும்பம். காகிதத்தில் இல்லாதது எதுவும் அவர் கண்ணுக்குத் தெரியாது.

அந்த மூன்று பிள்ளைகளில் ஒருத்திதான் ஆப்ரின். பத்து வயது. டவுனில் ரொட்டிக் கடை வைத்திருக்கும் அக்பரின் ஒரே மகள். தன் பிள்ளை தமிழ் படிக்க வேண்டும் என்று அக்பர்தான் பிடிவாதமாகத் தமிழ்ப்பள்ளியில் சேர்த்தார். பிள்ளையோ புத்தகத்தைத் திறந்தால் ஊமை. வாசி என்று ஆசிரியர் எழுப்பி நிறுத்தினால் அழிரப்பரைப் பிய்த்துப் பிய்த்துக் கீழே போட்டுக்கொண்டே நிற்பாள். பெருக்குவது யோகம்.

ஒரு சனிக்கிழமை காலை ரொட்டி வாங்கப் போன யோகம், கடையில் அந்தப் பிள்ளையைப் பார்த்தாள். கூட்டம் நெரிந்தது. கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் ஆப்ரின் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ரொட்டிக்கல்லுக்கு முன்னால் நின்ற அக்பர் திரும்பிப் பார்க்காமலே கத்தினார்.

"ஏழாம் மேசை என்னம்மா?"

"முட்டை ரொட்டி ஒண்ணு, வெங்காயம் வேணாம். தே தாரேக் ரெண்டு, ஒண்ணு சீனி கம்மி. அந்த அங்கிள் தண்ணி கேட்டு ரொம்ப நேரமாச்சு வாப்பா, யாருமே குடுக்கல."

"பன்னெண்டு?"

"மீ கோரெங் மூணு. சின்ன பாப்பாவுக்கு மட்டும் உறைப்பு போடாதீங்க."

இருபது மேசைக்குக் குறையாது. ஒன்றும் தவறவில்லை. யோகத்துக்கு ரொட்டி மறந்துபோனது. பக்கத்தில் போய் மெல்லக் கேட்டாள்.

"எங்கடா எழுதி வச்சிருக்க?"

"எதுக்கு ஆன்ட்டி எழுதணும்? அவங்கதான் உக்காந்திருக்காங்களே" என்றது பிள்ளை.

அந்தப் பிள்ளைக்கு அந்த வருஷம் ஒரு கத்தி தலைக்கு மேல் தொங்கியது. அடுத்த ஜனவரி கடைசியில் வாசிப்புத் தேர்வு. அதில் தேறாவிட்டால், சிறப்பு வகுப்பு இருக்கும் கூலாய்ப் பள்ளி ஒன்றுக்கு மாற்ற எழுதிவிடுவேன் என்று சோமசேகரம் அக்பரைக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்.

"போக நாப்பது கிலோமீட்டர், வர நாப்பது. யாரு சார் கொண்டு விடுறது? படிப்பே வேணாம், கடையில நிக்கட்டும்" என்றார் அக்பர்.

"அப்படியெல்லாம் நிறுத்த முடியாது பாய். சட்டம் இருக்கு."

"சட்டம் காலையில அஞ்சு மணிக்கு எந்திரிச்சு கார் ஓட்டுமா சார்?"

இது நடந்தது மார்ச் மாதம். ஏப்ரலில் அந்த அறை வந்தது.

டத்தோ பட்டம் வாங்கிய பெரிய மனிதர் ஒருவர் கொடுத்த அன்பளிப்பு அது. பள்ளியின் பின்கட்டில் இரண்டு வகுப்பை இடித்து ஒன்றாக்கிக் கட்டினார்கள். சுவரில் எட்டு நிறம், எட்டு மூலை. விரல் வைத்தால் எழுதும் ஆளுயர ஸ்மார்ட் போர்ட், ஏர்கான், பியானோ, பொம்மலாட்டத் திரை, ஏறி இறங்க மரச்சட்டம், எழுத்துகள் புடைத்து நிற்கும் மரக்கட்டைகள், மேசையளவு ஒரு மணல் தட்டு. வாசலுக்கு மேலே 'பன்முக அறிவு அறை' என்று பெயர். பெற்றோர் கூட்டத்தில் சோமசேகரம் மைக்கைப் பிடித்து விளக்கினார். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வொரு விதமான அறிவு. ஒருத்தன் சொல்லால் கற்பான், ஒருத்தி எண்ணால் கற்பாள். சிலர் பாட்டால், சிலர் படத்தால், சிலர் உடம்பை அசைத்து, சிலர் மண்ணையும் மரத்தையும் தொட்டு. எழுத்து வராத பிள்ளை முட்டாள் இல்லை, அதற்குள்ளே போகும் வாசல் வேறு, அவ்வளவுதான்.

பின்னாலிருந்து ஒரு தகப்பன் கை தூக்கினார். "சார், என் பையன எண்ணு மூலையில போடுங்க. உடம்பு மூலை வேணாம் சார். உடம்ப வச்சு நான் படுற பாடே போதும்."

கூட்டம் சிரித்தது. மைலோ தட்டை ஏந்திக்கொண்டு சுவரோரம் நின்ற யோகம் சிரிக்கவில்லை. வாசல் வேறு என்று மைக்கில் ஒருத்தர் சொல்லி அவள் கேட்டது அதுதான் முதல் தடவை. பத்து வருஷ இடுப்பு வலி ஒரே நிமிஷத்தில் விட்டது போலிருந்தது அவளுக்கு.

ஆனால் அறை பூட்டியே கிடந்தது. டத்தோ வந்து ரிப்பன் வெட்ட வேண்டும், அதற்கு முன்னால் ஒரு பிள்ளையும் கால் வைக்கக் கூடாது. ஜூனில் விழா என்றார்கள். டத்தோ வெளிநாடு போய்விட்டார். ஆகஸ்டு என்றார்கள், வேறு எங்கோ அடிக்கல் நாட்டப் போய்விட்டார். அக்டோபர் தீபாவளியில் கரைந்தது. கடைசியில் ஜனவரி, பொங்கலோடு சேர்த்து என்று முடிவானது. அதுவரை அறைக்குள்ளே எதன் உறையும் பிரிக்கப்படவில்லை. நாற்காலிக்குப் பிளாஸ்டிக், போர்டுக்குப் பிளாஸ்டிக், மணல் தட்டுக்குப் பிளாஸ்டிக், மெத்தைக்குக்கூடப் பிளாஸ்டிக்.

இதற்கு யாரைக் குறை சொல்வது? நம் வீட்டு வரவேற்பறைக்குப் போய்ப் பாருங்கள். பத்து வருஷத்துக்கு முன் வாங்கிய சோபா இன்னும் பிளாஸ்டிக் உறைக்குள்தான் இருக்கும். உட்கார்ந்தால் தொடை ஒட்டும், எழுந்தால் பிய்த்துக்கொண்டு வரும். இருந்தாலும் கழற்ற மனசு வராது. நல்ல பொருள் நல்லபடியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் நமக்கு. சங்கத் தலைவர் சுகுமாறன் வாசலில் தன் கையாலேயே ஒரு தாள் ஒட்டினார். 'திறப்பு விழா வரை உள்ளே வராதீர்கள்.' ஜன்னலையும் திறக்கக் கூடாது, லாரிப் புழுதி உள்ளே வரும். ஏர்கான் ரிமோட்டை சோமசேகரம் தன் அலமாரியில் வைத்துப் பூட்டினார். சாவி மட்டும் யோகத்திடம். புதன்கிழமை தோறும் பள்ளி விட்டதும் போய், பிளாஸ்டிக்கின் மேல் படிந்த தூசியைத் துடைத்துவிட்டு வர வேண்டும்.

ஜூலையில் ஒரு புதன்கிழமை. கடையிலிருந்து ஆள் வரும் வரை ஆப்ரின் எப்போதும் வாசலில் காத்திருப்பாள். அன்றைக்கு வாளியைத் தூக்கிக்கொண்டு தானாகவே யோகத்தின் பின்னால் வந்தாள். யோகம் போர்டின் பிளாஸ்டிக்கைத் துடைத்துத் திரும்பியபோது, பிள்ளை மரக்கட்டைப் பெட்டியைத் திறந்து கீழே உட்கார்ந்திருந்தது. திட்டத்தான் வாயைத் திறந்தாள். திட்டு வெளியே வரவில்லை. ஆப்ரின் கட்டைகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்து, தரையில் தள்ளித் தள்ளி, வரிசையாக வைத்துக்கொண்டிருந்தாள். மேசை போடுகிறாள்.

"இவரு யாரு ஆன்ட்டி?"

யோகம் வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். "இவருதான் ம."

"இவரு ரெண்டாம் மேசை" என்று வைத்தாள் பிள்ளை.

பக்கத்தில் கால் போட்ட கட்டையை வைத்து, "இப்ப இவரு மா" என்றாள் யோகம்.

ஆப்ரின் அந்தக் காலைத் தடவிப் பார்த்தாள். "அதே ஆளுதான். இன்னைக்குக் கூட ஒரு ரொட்டி சொல்லியிருக்காரு."

அன்றிலிருந்து ஒவ்வொரு புதன்கிழமையும் அரைமணி நேரம். யோகம் கற்றுக்கொடுத்தாள் என்று சொல்ல முடியாது. அவளுக்குத் தெரிந்ததே கொஞ்சம்தான். கட்டையின் பெயரைச் சொல்வாள், மீதியைப் பிள்ளை பார்த்துக்கொள்ளும். 'மரம்' என்று மூன்று கட்டையை வைத்தால், "ரெண்டு ஓரத்துலயும் அண்ணன் தம்பி, நடுவுல வேற ஆளு. தம்பி தலையில பொட்டு வச்சிருக்காரு. பொட்டு வச்சதும் வாய மூடிக்கிட்டாரு, ம்ம்ம்" என்பாள். அந்தப் புள்ளி எதற்கு என்று யோகத்துக்கே முப்பத்தைந்து வயதில் அன்றைக்குத்தான் விளங்கியது. வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் வாயை மூடி ம்ம்ம் என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள்.

அக்டோபரில் ஒரு நாள் யோகம் வாசலைப் பூட்டிக்கொண்டிருந்தாள். பின்னால் நின்ற ஆப்ரின் அந்தத் தாளில் விரல் வைத்து முணுமுணுத்தாள். பெரிய எழுத்து, இடைவெளி விட்டு எழுதியது. திறப்பு. விழா. வரை. நெற்றி சுருங்கியது. உள்ளே. வரா... வராதீர்கள்.

யோகத்தின் கையில் சாவி அப்படியே நின்றது.

"ஆன்ட்டி, இது நம்மளயா சொல்லுது?"

"இல்லடா. மத்தவங்களச் சொல்லுது" என்றாள் யோகம். சிரித்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அப்போதே போய்ச் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். சொன்னால் முதல் கேள்வி என்ன? உள்ளே எப்படிப் போனீங்க? சாவி போகும், அறை போகும், பிள்ளையின் மேசைகளும் போகும். புத்தகத்தில் எழுத்து நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தது. "ரொம்பக் கூட்டமா இருக்கு ஆன்ட்டி" என்று பிள்ளை இன்னும் பின்வாங்கியது. இரண்டு மூன்று மாதம் போனால் தாளுக்கும் வந்துவிடுவாள். ஜனவரியில் டத்தோ ரிப்பன் வெட்டட்டும், அதற்கப்புறம் அறை எல்லாருக்கும் பொது. அன்றைக்கே எல்லார் முன்னாலும் பிள்ளை வாசித்துக் காட்டட்டும். யோகம் போட்ட கணக்கு இதுதான். அதுவரைக்கும் பிள்ளையிடம் ஒரு வாக்கு வாங்கினாள்.

"யார் கேட்டாலும் நாம உள்ள போகல. ஒண்ணும் படிக்கல, எழுதல. சரியா? உங்க வாப்பா கேட்டாலும் சொல்லக் கூடாது."

"சத்தியமா ஆன்ட்டி" என்று பிள்ளை சுண்டுவிரலை நீட்டியது.

நவம்பரில் மழை பிடித்துக்கொண்டது. ஜொகூர் மழை எப்படி என்று சொல்ல வேண்டியதில்லை. பூட்டிய அறைக்குள் முதலில் ஈரத்துணி வாடை, அப்புறம் பூஞ்சை வாடை. போர்டின் பிளாஸ்டிக்குக்கு உள்பக்கம் வியர்த்திருந்தது. பின்சுவரில் கையை வைத்துப் பார்த்தாள் யோகம். பதினாறு வருஷம் தகடுகளைத் தடவிய விரல் அது, அதற்குத் தெரியாதா? சோமசேகரத்திடம் போய்ச் சொன்னாள்.

"சார், உள்ள பூஞ்சை பிடிக்குது சார். ஜன்னலத் திறந்துவிடட்டா? இல்லாட்டி ஏர்கான் ஒரு மணி நேரமாவது போடணும். போர்டுக்குப் பின்னால ஈரம் இறங்குது."

"விழாவுக்கு இன்னும் ரெண்டு மாசம் தான யோகம்? இப்போ தூசு போச்சுன்னா நான் பதில் சொல்லணும்."

மறு வாரமும் சொன்னாள். மூன்றாவது தடவை போனபோது சோமசேகரம் பேனாவைக் கீழே வைத்தார். "சரி, எழுதிக் குடுங்க. என்ன தேதி, எந்த இடம், என்ன பிரச்சினை. எழுத்துல இருந்தாத்தான் நான் மேல அனுப்ப முடியும்."

யோகம் தலையை ஆட்டிக்கொண்டு வெளியே வந்தாள். அன்றைக்கு வீட்டில் ஒரு தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மேலே 'சார்' என்று எழுதினாள். அதற்கு மேல் நகரவில்லை. அய்யாவு மூன்று நாள் ஓட்டம் முடிந்து வந்ததும் கேட்டாள்.

"நீங்க எழுதிக் குடுங்களேன்."

"ஏன்டி, தலைமையாசிரியர் மேலயே புகார் எழுதச் சொல்றியா? உள்ள வேலையையும் கெடுத்துக்காத" என்று சொல்லிவிட்டு அவன் படுத்துவிட்டான். அந்தத் தாள் அலமாரியில், 'சார்' என்ற ஒரே வார்த்தையோடு இன்னும் இருக்கிறது.

டிசம்பர் விடுமுறைக்கு முந்தின புதன்கிழமை. ஆப்ரின் மணல் தட்டின் உறையைத் தூக்கச் சொன்னாள். அதுவரை கட்டைகளைப் பார்த்து வைத்தவள், அன்றைக்கு எதையும் பார்க்காமல் ஈர மணலில் விரலை ஊன்றி எழுதினாள். ஒவ்வோர் எழுத்துக்கும் நடுவில் நல்ல இடைவெளி, ஒவ்வொருத்தருக்கும் ஒரு மேசை. ஆ. ப். ரி. ன். எழுதி முடித்துவிட்டுத் தன் பெயரைத் தானே சுற்றி வந்து பார்த்தாள்.

யோகம் எப்போதும் போகும்போது மணலைத் தட்டிச் சமப்படுத்திவிட்டுத்தான் உறையைப் போடுவாள். அன்றைக்குக் கையை வைத்தாள்; கை அசையவில்லை. விடுமுறை முடிந்து வந்து அழித்துக்கொள்ளலாம் என்று உறையை அப்படியே இழுத்து மூடினாள். அவள் செய்த தப்பு என்று ஒன்று இருந்தால் அது இதுதான். விடுமுறை முடிந்து வந்தபோது பந்தல்காரர்களும் அலங்காரக்காரர்களும் அந்த அறையைச் சுற்றி நின்றார்கள். சாவியைச் சுகுமாறன் முதலிலேயே வாங்கிப் போயிருந்தார்.

விழா நாள். உருமி மேளம், கோலம், கரும்பு. டத்தோ ரிப்பனை வெட்டி உள்ளே வந்தார். சோமசேகரம் தன் கையாலேயே போர்டின் உறையைப் பிரித்தார். சரசரவென்று சத்தம், கூடவே மூக்கைப் பிடிக்கும் வாடை. டத்தோ பொத்தானை அழுத்தினார். போர்டு ஒரு முறை வெளிறிக் கண் சிமிட்டியது, குறுக்கே நாலு கோடு ஓடியது, அணைந்தது. மறுபடி அழுத்தினார். ஒன்றும் இல்லை. பின்னால் ரிப்பேருக்கு வந்த ஆள் பின்மூடியைக் கழற்றியபோது உள்ளே பச்சை பூத்துக் கிடந்ததாம். அக்பர் கடையில் தே குடித்துக்கொண்டே அவனே சொன்னான். அது மட்டும் செல்லத்தின் காதில் விழவில்லை.

அவமானத்தை மறைக்க சோமசேகரம் அவசரமாக மணல் தட்டுப் பக்கம் திரும்பினார். "இது இயற்கை மூலை, டத்தோ" என்று உறையை எடுத்தார். தட்டு நிறைய, ஈரத்தில் இறுகிக் கெட்டித்துப்போய், குழந்தைக் கையெழுத்தில் ஒரு பெயர். ஆப்ரின்.

அறை முழுக்க அந்தப் பெயரைப் பார்த்தது. யாரோ உள்ளே வந்திருக்கிறார்கள் என்று பார்த்தது. அந்தப் பிள்ளைக்கு எழுத வந்திருக்கிறது என்று ஒருத்தர் கண்ணும் பார்க்கவில்லை.

மறுநாள் காலை அலுவலகத்தில் கூப்பிட்டு வைத்தார்கள். சோமசேகரம், சுகுமாறன், அக்பர், யோகம். பிள்ளை வெளியே படியில்.

"இந்த போர்டு என்ன விலைன்னு தெரியுமா பாய்?" என்று ஆரம்பித்தார் சுகுமாறன். "உங்க பொண்ணு பேரு உள்ள எழுதியிருக்கு. டத்தோவுக்கு நான் என்ன சொல்ல?"

அக்பரின் முகம் ரொட்டி மாவு போல வெளுத்துவிட்டது. "என் புள்ளையா? அவளுக்கு எழுதவே வராதே சார். வந்தா, எவ்வளவு ஆனாலும் நான் சந்தோஷமாக் கட்டிருவேனே" என்றார் பாவம், கும்பிட்டுக்கொண்டே.

யோகம் அந்தக் கையைப் பார்த்தாள். அவளுக்கு யோசிக்க நேரமில்லை.

"அது நான் எழுதுனது சார். துடைக்கப் போனப்போ சும்மா விளையாட்டா அந்தப் புள்ள பேர எழுதிப் பாத்தேன். புள்ள உள்ள வரவே இல்ல."

அவர்கள் முன்னால் சொன்ன பொய் அது ஒன்றுதான். சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன செய்தோம் என்று தெரிந்தது. அந்தப் பிள்ளை இந்தப் பள்ளியில் எழுதிய ஒரே பெயரை மண்ணோடு மண்ணாகத் தள்ளிவிட்டாள். சோமசேகரம் பெருமூச்சு விட்டார். "எப்படியும் இந்தப் பிள்ளைக்குத் தேர்வு வச்சு ஒண்ணும் ஆகப்போறதில்ல பாய். வெள்ளிக்கிழமை மாத்தல் கடிதத்துல கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க" என்றார்.

மூன்று ராத்திரி யோகம் தூங்கவில்லை. வெள்ளிக்கிழமை காலை, அக்பர் மகளைப் படியில் விட்டுவிட்டு அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தபோது, கேட்காமலே உள்ளே போனாள்.

"சார், நான் அன்னைக்குச் சொன்னது பொய். அத எழுதுனது ஆப்ரின்தான். நான்தான் கூட்டிட்டுப் போனேன். போர்டு ஈரத்துல கெட்டுப்போச்சு சார், உங்ககிட்ட மூணு தடவை சொன்னேன். இந்தப் புள்ளைக்கு வாசிக்க வரும். எழுத வரும். இத அனுப்பாதீங்க சார்."

"மூணு தடவை சொன்னீங்க. எழுத்துல குடுங்கன்னு சொன்னேன். குடுத்தீங்களா?"

அலமாரியில் கிடந்த தாளின் ஒரே வார்த்தைதான் யோகத்துக்கு வந்தது: "சார்..."

"செவ்வாய்க்கிழமை நீங்க எழுதினேன்னு சொன்னீங்க. இன்னைக்குப் பிள்ளைன்னு சொல்றீங்க. நான் எதை நம்புறது, யோகம்?" குரலை உயர்த்தாமல்தான் கேட்டார். அதுதான் இன்னும் கொடுமை. பிறகு மனசு கேட்காமலோ என்னவோ, வெள்ளைத் தாள் ஒன்றையும் பென்சிலையும் எடுத்து மேசையின் ஓரத்தில் வைத்தார். "உள்ள வா ஆப்ரின். உன் பேரை எழுதும்மா. எழுதிட்டா இந்தக் கடிதத்தை நான் கிழிச்சிடறேன்."

பிள்ளை படியிலிருந்து எழுந்து மேசையருகே வந்தது. பென்சிலைப் பார்த்தது. தாளைப் பார்த்தது. பிறகு திரும்பி யோகத்தின் கண்ணைப் பார்த்தது.

"எழுதுடா" என்றாள் யோகம். "பரவால்ல, இப்ப எழு..."

"நீங்க பேசாதீங்க. பிள்ளையைத் தூண்டிவிடக் கூடாது. தானா எழுதட்டும்" என்று சோமசேகரம் கையைக் காட்டித் தடுத்தார்.

யோகம் வாயை மூடிக்கொண்டாள். வாயை மூடிக்கொண்ட யோகத்தின் முகத்தை ஆப்ரின் இன்னும் ஒரு கணம் பார்த்தாள். பார்த்துவிட்டு, புரிந்துகொண்டவள் போல லேசாகத் தலையை ஆட்டினாள். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"எனக்கு எழுத வராது சார்" என்றாள். தலைமையாசிரியர் முன்னால் அந்தப் பிள்ளை அத்தனை தெளிவாகப் பேசியது அதுதான் முதல் தடவை. "நாங்க உள்ள போகவே இல்ல."

அக்பர் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். 'கூலாய்' என்ற வார்த்தைக்குப் பக்கத்தில் அவர் பேனா கொஞ்ச நேரம் நின்றது. "கடையில நிக்கட்டும் சார்" என்று மெல்லச் சொன்னார். இந்தத் தடவை சோமசேகரம் சட்டத்தைப் பற்றிப் பேசவில்லை.

அறைச் சாவி கோர்த்த வளையத்தை விழா முடிந்ததும் மறுபடி யோகத்திடமே கொடுத்திருந்தார்கள். அவள் அதை இடுப்பிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தாள். போகச் சொல்லி யாரும் சொல்லவில்லை. சொல்லப்போகிறார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். "வரேன் சார்" என்றாள். சோமசேகரம் எதையோ தேடுவது போல இழுப்பறையைத் திறந்தார்.

வெளியே படியில் சிலிப்பரைத் தேடினாள். கழற்றிப் போட்ட இடத்தில் இல்லை. யாரோ வாசலில் கிடந்த சப்பாத்து, சிலிப்பர் எல்லாவற்றையும் எடுத்து, இடைவெளி விட்டு, ஜோடி ஜோடியாக அடுக்கி வைத்திருந்தார்கள். யோகத்தின் சிலிப்பர் ஏழாவதாக இருந்தது.

பின்னாலேயே ஆப்ரின் ஓடி வந்து அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். அப்பா காதில் விழாதபடி எட்டி நின்று சொன்னாள்.

"நான் சொல்லவே இல்ல ஆன்ட்டி, பாத்தீங்களா? எவ்ளோ கேட்டாரு, நான் சொல்லவே இல்ல."

சுண்டுவிரல் நீண்டிருந்தது. யோகம் அதைத் தன் சுண்டுவிரலால் பிடித்தாள்.

"பாத்தேன்டா. கெட்டிக்காரி" என்றாள்.

சிலிப்பரை மாட்டிக்கொண்டு, செல்லம் கேண்டீன் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, திடலைக் கடந்து வாசல் வழியே நடந்து போனாள்.